காலையில் மட்டும் அடைக்கும் சிங்க்

எங்கள் வீட்டு சிங்குக்கு நேரம் பார்க்கத் தெரியும். காலை நாலரைக்கு அம்மா வடை சுட எழும்பும்போது அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. பின்னேரம் அப்பா வேலையால் வந்து கை கழுவும்போது சத்தமே இல்லாமல் எல்லாவற்றையும் குடித்துவிடும். ஆகவே அப்பாவைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் அடைப்பு என்று ஒன்று கிடையாது. அது அம்மாவுக்கும் எனக்கும் வந்த ஒரு பிரமை.

"நல்லாத்தானே போகுது?" என்பார், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு.

"காலையில வந்து பாருங்கப்பா."

"காலையில எனக்கு பஸ் இருக்கு."

அப்பா யோகராஜ், பிலிமத்தலாவையில் ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறார். விடிந்ததும் வெளிக்குழாயில் முகம் கழுவிக்கொண்டு ஓடிவிடுவார். அடுப்பும் சிங்கும் இருக்கும் குசினிப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. அவரிடம் சண்டை பிடித்துப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தினமும் பிடித்தேன். ஏனென்றால் வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அம்மா பரிமளம், பல்லேகல கார்மென்ட் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக நின்றுகொண்டே வேலை செய்கிறார். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கிறது. விடியற்காலையில் பருப்பு வடை சுட்டு, கம்பனி பஸ்ஸில் கொண்டுபோய், தையல் லைனில் இருக்கும் பிள்ளைகளுக்கு விற்பார். அந்த வடையை யாரோ கொண்டுபோய்க் கொடுக்க, அங்கேயே இன்னொரு தொழிற்சாலையின் கென்டீன் பொறுப்பாளர் ஷிபானா மிஸ் சாப்பிட்டுப் பார்த்து, "தினம் முந்நூறு தர ஏலுமா?" என்று கேட்டுவிட்டார். அம்மா அன்றைக்கே கார்மென்டில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். மனம் மாறினால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கடிதத்தைத் திருப்பி எடுக்கலாம், பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

அதே வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷிபானா மிஸ் எங்கள் குசினியைப் பார்க்க வருகிறார். பார்த்துப் பிடித்தால்தான் ஓடர்.

காலை எட்டு மணி. சிங்க் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்கும் சரியான நேரம்.

நான் பிரேமிளா. ஏ.எல் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக வீட்டில் இருக்கிறேன். அம்மா போன பிறகு வடை சுட்ட தாச்சியைக் கழுவுவது, குசினியைத் துடைப்பது எல்லாம் நான்தான். கையில் போன் இருக்கிறது, போனில் வீடியோ இருக்கிறது. உலகத்தில் எந்த அடைப்புக்கும் ஒரு வீடியோ இருக்கிறது. எனக்கு எதற்கு ஒரு ப்ளம்பர்?

திங்கட்கிழமை அப்பச் சோடாவும் வினாகிரியும் ஊற்றினேன். நுரை வந்தது. அழகாக, பொங்கல் பானை மாதிரிப் பொங்கி வந்தது. அவ்வளவுதான். பத்து மணி வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வெறுத்துப்போய்த் துணி துவைக்கப் போய், பன்னிரண்டுக்குத் திரும்பி வந்தால் சிங்க் வெறுமையாக இருந்தது! போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். 'முடிச்சிட்டேன்' என்று எழுதி, மூன்று கைதட்டும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் அடைத்துக்கொண்டது.

"என்னமோ முடிச்சிட்டேன்னியே?" என்றார் அம்மா, மா பிசைந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "இப்ப கைய எங்க கழுவுறது? உன் போன்லயா?"

அன்றைக்கு ஹோல் ஜன்னல் திரைச்சீலையைக் கழற்றி, அதற்குள் இருந்த ஸ்ப்ரிங்கை உருவி எடுத்தேன். சிங்க் ஓட்டைக்குள் விட்டுக் குத்தினேன். இரண்டு முழம் போனது. பிறகு எதிலோ மெத்தென்று முட்டியது. கல் மாதிரியும் இல்லை, சேறு மாதிரியும் இல்லை. குத்தினால் உள்ளே போகிறது, இழுத்தால் வெறுமனே வருகிறது. மத்தியானம் தானாகத் தண்ணீர் இறங்கியது. ஸ்ப்ரிங்தான் வேலை செய்தது என்று நம்பினேன். புதன்கிழமை விடிய அந்த நம்பிக்கையும் போயிற்று. திரைச்சீலையும் பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

யாரோ ஒருவர்மீது பழியைப் போடாமல் இனி முடியாது என்று ஆகிவிட்டது.

நாங்கள் இருப்பது மஹியாவையில், சரிவில் படி படியாக இறங்கும் வீடுகளில். எங்கள் சிங்கின் பைப் வெளிச்சுவரில் இறங்கி, கீழ் வீட்டுப் பின்பக்கம் போய்க் கழிவுநீர்க் கானில் விழும். கீழ் வீடு பஸ்லினா ஆன்டியுடையது. அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள், மூவருக்கும் இடுப்பு வரை தலைமயிர். மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டேன்.

"ஆன்டி, உங்க வீட்டு முடிதான் பைப்ப அடைக்குது போல. கொஞ்சம் பாக்கிறீங்களா?"

உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மகள் செல்றீங்க? எங்கட தலைமயிர் சரிவுல ஏறி வந்து உங்கட சிங்க அடைக்கிதா?"

"அது... பைப் ஒண்ணுதானே ஆன்டி..."

"தண்ணி மேல ஓடுமா, கீழ ஓடுமா? ஏ.எல்லுக்கு என்ன படிச்சீங்க?"

"சயன்ஸ்."

"அல்லாஹ்வே" என்றுவிட்டு அவர் மற்ற உடுப்பை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் சத்தம். அப்பாவுக்குத் தெரிந்த, பைப் வேலை செய்யும் பாஸ். பிரமையை நம்பாத அப்பா, பிரமைக்கு ஆள் மட்டும் அனுப்பியிருந்தார். அம்மா முதல்நாள் இரவு சாப்பாடு போடும்போது அகப்பையால் பேசிய பேச்சு அப்படி.

கணேஸ் பாஸ் குசினிக்குள் வந்து, சிங்கில் நின்ற தண்ணீரைப் பார்த்தார். குனிந்து அடிப்பைப்பைத் தட்டினார். எழும்பி நின்று தரையைக் காலால் தட்டினார். பிறகு கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டார்.

"தங்கச்சி, இது வாட்டம் பிழை."

"வாட்டம்னா?"

"பைப்போட சரிவு. கட்டும்போதே பிழையா வச்சிருக்காங்க. தரைய உடைச்சு லைன முழுசா தூக்கணும். அறுபத்தையாயிரம் வரும். சிமெந்து, டைல்ஸ் வேற."

"ஆனா பின்னேரம் தண்ணி நல்லா போகுதே?"

"போகும்."

"வாட்டம் பிழைன்னா பின்னேரமும் போகக் கூடாதுல்ல? பைப் பின்னேரத்துல நிமிர்ந்துக்குமா?"

பாஸ் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "தங்கச்சி, நான் இருபத்தி ரெண்டு வருசமா இந்த வேலையில நிக்கிறேன்."

"எங்க சிங்க் ஒரு மாசமா நிக்குது பாஸ்."

"அப்பாகிட்ட பேசிக்கிறேன்" என்று அவர் ஹெல்மெட்டை எடுத்தார். "வெள்ளிக்கிழம காலையில வந்து உடைச்சிடலாம். இப்ப வந்து பாத்ததுக்கு மூவாயிரம்."

பார்த்ததுக்கு! நான் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு யார் தந்தார்கள்?

அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. கதிரையில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கெண்டைக்காலைத் தடவினார்.

"லெட்டர திருப்பி வாங்கிர்றேன்" என்றார். "நாளைக்கே கேட்டுர்றேன். அடைச்ச சிங்க காட்டி அந்த மிஸ் கிட்ட அசிங்கப்பட முடியாது."

"வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுங்கம்மா."

"பொறுத்து? நீ இன்னொரு வீடியோ பாப்பியா?"

"நாலு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல? மிஸ் வந்துட்டுப் போகட்டும்."

அம்மா எழும்பிப் பருப்பை ஊறப் போட்டார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவிடம் மட்டும் கத்தினேன்: "அந்த பாஸ வெள்ளிக்கிழம வரவேணாம்னு சொல்லிருங்க!" அப்பா போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

வியாழக்கிழமை காலை அம்மா போனதும் தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலை எடுத்தேன். கவிழ்த்தால் வரவில்லை. தை மாதக் குளிரில் எங்கள் வீட்டில் இது தினமும் நடப்பதுதான். தேங்காய் எண்ணெய் வெள்ளையாக இறுகிக் கட்டியாகியிருந்தது. அம்மா குசினிப் போத்தலைச் சோற்றுப் பானை மூடியில் வைத்து உருக்குவார். நான் என் போத்தலை வெளி ஜன்னல் விளிம்பில் வெயில் படும் இடத்தில் வைத்துவிடுவேன். எதிர் மலையைத் தாண்டி எங்கள் வெளிச்சுவருக்கு வெயில் வரப் பதினொரு மணியாகும்.

வைத்துவிட்டு சிங்கை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு வேலை இல்லை. வீடியோவும் இல்லை. டேட்டா முடிந்திருந்தது.

பதினொன்றே கால் இருக்கும். சிங்க் 'குபுக்' என்றது. நடுவில் சின்னதாக ஒரு சுழி. தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கியது. பாய்ந்து போய் ஜன்னலைத் திறந்தேன், வெளியே பைப்பில் ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்க. கை போத்தலில் பட்டு அது சரிந்தது. பிடித்தேன். உள்ளே பாதி எண்ணெய் உருகி, மீதிக் கட்டி அதில் மிதந்துகொண்டிருந்தது.

அதே ஜன்னல். அதே வெயில். அரை அடி தள்ளி, அதே சுவரில் எங்கள் பைப்.

போத்தலையும் பைப்பையும் மாறி மாறிப் பார்த்தேன். இதில் இதுவரை நான் யாருக்கும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது.

வடை சுட்டு மிஞ்சும் எண்ணெயை வடிகட்டி வை என்று அம்மா தினமும் சொல்லிவிட்டுப் போவார். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு வீடியோவில் ஒரு டொக்டர், சுட்ட எண்ணெயை மறுபடி சுடவைத்தால் இதயத்துக்கு ஆகாது என்று சொன்னார். நான் நம்பினேன். அம்மாவிடம் சொன்னால் எண்ணெய் விற்கும் விலையில் என்னைத்தான் வடிகட்டி வைப்பார். அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. தினமும் காலை, தாச்சி ஆறுவதற்கு முன்பே எண்ணெயை சிங்கில் ஊற்றினேன். சிங்க் அடைக்கத் தொடங்கிய பிறகு, மத்தியானம் தண்ணீர் இறங்கியதும் ஊற்றினேன். பின்னாலேயே ஒரு கேத்தல் சுடுதண்ணீரும் ஊற்றினேன், சுத்தமாகப் போகட்டும் என்று. அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க, வடிகட்டிய எண்ணெய் வைக்கும் பேணியில் புது எண்ணெயை ஊற்றி நிரப்பி வைத்தேன். "இந்த மாசம் எண்ணெய் தண்ணி மாதிரி போகுது" என்று அம்மா புலம்பும்போதெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுடுதண்ணீர் எண்ணெயை நல்லபடியாகத்தான் கொண்டுபோயிருக்கிறது. சரியாக வெளிச்சுவர் வரை. அங்கே குளிர் பிடித்து வைத்துக்கொண்டது. தினம் ஒரு படை.

படி இறங்கிக் கீழே ஓடினேன். பைப் வளையும் இடத்தில், வீட்டுச் சொந்தக்காரர் பசைக்குக்கூடச் செலவழிக்காமல் சும்மா செருகி விட்டிருந்தார். அவருடைய கஞ்சத்தனத்துக்கு முதல்தடவையாக நன்றி சொன்னேன். வாளியை வைத்துவிட்டுத் திருகி இழுத்தேன். ஓரங்களில் உருகிய எண்ணெய் கையில் வழிந்தது. நடுவில் வெள்ளையாக அடைத்துக்கொண்டு நின்றது. விளக்குமாற்றுக் கட்டையை மற்றப் பக்கத்தால் விட்டுத் தள்ளினேன்.

புட்டுக் குழலில் இருந்து புட்டு வருவது மாதிரி வந்தது. முழுசாக, உருண்டையாக, ஒரு முழ நீளத்துக்கு. வாளிக்குள் சாய்ந்து விழுந்தது.

"இது என்ன மகள், மெழுகுதிரியா?"

பஸ்லினா ஆன்டி பின்பக்கக் கதவில் நின்றார். கிட்ட வந்து குனிந்து பார்த்தார். வெள்ளைக்குள் பருப்புத் தூள், செத்தல் மிளகாய்த் துண்டு, கண்ணாடிக்குள் வைத்த மாதிரி ஒரு முழுக் கறிவேப்பிலை.

"தலைமயிர் ஒண்ணையும் காணல்லியே" என்றார். "நல்லா தேடிப் பாருங்கோ."

"சொரி ஆன்டி."

"எனக்கு செல்ல வேணாம். உங்கட உம்மாக்குச் செல்லுங்கோ. அவ நேத்து வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போன, தெரியுமா? நீங்க பழி போட்டதுக்கு."

எனக்குத் தெரியாது.

பின்னேரம் அம்மா வந்ததும் வாளியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். வாளியே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. டொக்டர், தாச்சி, கேத்தல், பேணி எல்லாவற்றையும்.

அம்மா குனிந்து அந்தக் கறிவேப்பிலையைப் பார்த்தார்.

"ரெண்டு மாசம்" என்றார். "ரெண்டு மாசமா நான் கடைக்காரன ஏசினேன். அளவுல கள்ளம் பண்றான்னு நாலு பேருக்கு முன்னால ஏசினேன். எண்ணெய் கட்டியாகுறது உனக்குத் தெரியாதா? தினம் தலையில வைக்கிறியே, அது எந்த எண்ணெய்? மடுல்கெல்ல தோட்டத்துல எங்க லயத்துக்கும் இந்தக் குளிருதான். அங்க ஒருத்தி எண்ணெய கான்ல ஊத்தியிருந்தா ஊரே சிரிச்சிருக்கும்!"

"இதயத்துக்கு ஆகாதுன்னு..."

"என் இதயத்துக்கா? நீ இருக்கும்போது எண்ணெய் வேற வேணுமா?"

அதற்குப் பிறகு அம்மா சொன்னவற்றை எழுதினால் கதை நீண்டுவிடும். ஏசி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா அதுவும் சரிதான். தினம் மூணு தடவ சுட்ட எண்ணெயில கென்டீனுக்குக் குடுக்க முடியாது" என்றார். பழைய எண்ணெய் ஊற்ற ஒரு பால்மா டின்னைக் கழுவி எடுத்தார். வாளியில் இருந்ததை உருக்கி ஊற்றி, மூடி, ஜன்னலோரம் வைத்தோம். பைப்பை மறுபடி செருகிச் சுடுதண்ணீரை நாலு தடவை ஓடவிட்டேன். கறிவேப்பிலை இருந்த துண்டை மட்டும், ஏனோ மனசு வராமல், ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா லீவு போட்டிருந்தார். காலை சிங்க் குடித்தது. நாலரைக்கும் குடித்தது, ஏழுக்கும் குடித்தது. ஷிபானா மிஸ் எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்தார். ஷெல்ஃபைப் பார்த்தார், பருப்பு டின்னைத் திறந்து மணந்து பார்த்தார், அம்மாவின் நகத்தைப் பார்த்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

வாசலில் பைக் சத்தம்.

கணேஸ் பாஸ், தோளில் பெரிய சுத்தியலோடு நேராகக் குசினிக்குள் வந்தார். "அக்கா, சாமானெல்லாம் வெளிய எடுங்க. தரைய உடைக்கணும்."

அப்பா! தலையாட்டிய அப்பா!

"தேவையில்ல பாஸ், அது சரியாகிட்டு..." என்றேன்.

"தங்கச்சி, இந்த லைன்ல வாட்டமே இல்ல. இன்னைக்குப் போகும், நாளைக்கு மொத்த ஊத்தையும் மேல வரும்." மிஸ்ஸைப் பார்த்துத் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க மிஸ், இப்பிடி ஒரு குசினியில சாப்பாடு செய்ய ஏலுமா?"

மிஸ் கையில் இருந்த குறிப்புக் கொப்பியை மூடினார். "கான் பிரச்சின ஈக்கிதா? நீங்க எனக்குச் செல்லவே இல்லியே?"

அம்மா என்னைப் பார்த்தார். ஒரு கை அப்படியே கீழே போய்க் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டது. பொய் சொல்ல அம்மாவுக்கு வராது. மெய் சொன்னால் மகளைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

நான் கிண்ணத்தை எடுத்து மிஸ்ஸின் முன்னால் நீட்டினேன்.

"பிரச்சின இருந்திச்சி மிஸ். அதுக்குக் காரணம் நான். வாட்டம் இல்ல, இதுதான். வடை சுட்ட எண்ணெய நான் சிங்க்ல ஊத்தினேன். அம்மாவுக்குத் தெரியாது. நேத்துதான் கழட்டி எடுத்தேன்." குழாயை முழுசாகத் திறந்தேன். பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரையும் கவிழ்த்தேன். ஜன்னலோர டின்னை எடுத்து மூடியைத் திறந்து காட்டினேன். "இப்ப இதுக்குள்ள ஊத்துறோம்."

மூன்று பேரும் சிங்கைப் பார்த்தோம். பாஸும் எட்டிப் பார்த்தார். தண்ணீர் சுழன்று, ஒரு ஏப்பம்கூட விடாமல் இறங்கியது.

மிஸ் கறிவேப்பிலையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"எங்கட கென்டீன்லயும் தை மாசம் இதே கரச்சல்தான்" என்றார். "யாரு ஊத்தினன்னு கேட்டா, ஒருத்தரும் ஊத்தல்ல. போன வருசம் தரைய உடைச்சோம்."

பாஸ் சட்டென்று சுத்தியலைத் தோளில் இருந்து இறக்கினார்.

"உடைச்சு?" என்றேன்.

"இந்த வருசமும் அடச்சிட்டு." மிஸ் கொப்பியைத் திறந்தார். "இந்த டின் விஷயத்த எங்கட ஆக்களுக்கும் வந்து செல்லுங்கோ மகள். அக்கா, திங்கக்கிழமலருந்து முந்நூறு. ஆறரைக்கு வேன் வரும். எண்ணெய் மூணாம் தடவ சுடக் கூடாது, அது என்ட கண்டிஷன்."

அம்மா தலையாட்டினார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

மிஸ்ஸின் வாகனம் போன பிறகும் பாஸ் போகவில்லை. "வந்து போன பெற்றோலாவது..." என்றார். அம்மா எழும்பி, சூட்டோடு மூன்று வடையைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் வைத்தார். பாஸ் அங்கேயே ஒன்றைக் கடித்தார். மென்றார்.

"நல்லாருக்கு அக்கா" என்றார். "எண்ணெய்தான் கொஞ்சம் கூட."

நான் சிரிக்கக் கூடாது என்று சிங்கின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாலு மணி வந்தது, போனது. அம்மா கார்மென்டுக்குப் போன் எடுக்கவில்லை. காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்கு எத்தனை கிலோ பருப்பு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க என்னைத்தான் அனுப்பினார்.

ஐந்தரைக்கு அப்பா வந்தார். செருப்பைக் கழற்றி, குசினிக்குள் வந்து, குழாயைத் திறந்து கை கழுவினார். தண்ணீர் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். "நல்லாத்தானே போகுது."